யோசெப்பின் வாயில் போடாத கிழங்கு

கத்தியைக் கிழங்கில் இறக்கி, அப்படியே பானையிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் யோசெப்பின். கிழங்கு கத்தியைப் பற்றிக்கொண்டு தொங்கினால் இன்னும் வேகவில்லை. தானாக வழுகித் திரும்பவும் பானைக்குள் விழுந்தால் பதம். விழும்போது கொதிநீர் தெறிக்கும். அவளுடைய முன்கை முழுக்க அந்தத் தெறிப்பின் சின்னச் சின்னப் புள்ளிகள். "விழு மகனே, விழு. மற்றவனெல்லாம் விழுந்திட்டான், நீ மட்டும் என்ன பெரிய துரையோ" என்று கிழங்கோடு கதைப்பாள். கிழங்குகள் எல்லாம் அவளுக்கு ஆண்பிள்ளைகள். வெங்காயமும் கத்தரிக்காயும் பெண்கள். மீனோடு அவள் கதைத்து நான் கேட்டதில்லை.

கொட்டாஞ்சேனையில் யோசெப்பின் என்ற பெயரில் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் இருக்கிறார்கள். மெழுகுதிரி விற்கிற யோசெப்பின் என் பெரியம்மாவின் பேத்தி. கண்ணாடி போட்ட யோசெப்பின் அவளுக்கு மச்சாள். இவள் கட்லட் யோசெப்பின். ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில், ஒரு மாடிவீட்டுத் தொடரின் கீழ்த்தட்டில் குடியிருக்கிறாள். புருஷன் பீற்றர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவன். பீற்றரின் தகப்பனும் நானும் அக்கா தங்கை பிள்ளைகள், ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். ஆகவே பீற்றருக்கு நான் மாமி, அந்த வழியில் இவளுக்கும் மாமி. வேலை அதிகமுள்ள நாட்களில் நான் போய், குசினி வாங்குப் பலகையில் உட்கார்ந்து அவளுக்குக் கிழங்கு உரித்துக் கொடுப்பேன். உரித்ததில் ஒரு கண் மிஞ்சியிருந்தாலும், "மாமி, இவன் இன்னும் முழிச்சுப் பாத்துக்கொண்டிருக்கிறான்" என்று திருப்பி என் மடியில் போடுவாள்.

வேலை செய்யும்போது பீற்றருடைய பழைய துறைமுகச் சட்டையைத்தான் மேலே போட்டுக்கொள்வாள். அதன் பையில் தீப்பெட்டி, செபமாலை, ஒரு துண்டு இஞ்சி. கட்லட், ரோல்ஸ், பற்றீஸ் மூன்றும் செய்வாள். பிள்ளைகள் கோயிலில் முதல் நன்மை எடுப்பது, பிறந்தநாள், செத்தவர்களின் முப்பத்தோராம் நாள் எதுவானாலும் இந்த ஒழுங்கைக்குத்தான் ஆள் வரும். கட்லட்டை இரண்டு உள்ளங்கைக்கும் இடையில் ஒரு தட்டு, ஒரு சுழற்று, அவ்வளவுதான், உருண்டுவிடும். இரண்டாம் தட்டு தட்டினால் வெடிக்கும் என்பாள். அவள் கட்லட் எண்ணெய்க்குள் வெடித்து நான் பார்த்ததில்லை.

கிழங்கு எடுப்பது புறக்கோட்டையில் ஷிப்லியின் மொத்தக் கடையில். வெலிமடைக் கிழங்கு கட்லட்டுக்கு. "அவன் மா மாதிரி உதிருவான், சொல்வழி கேப்பான்." இறக்குமதிக் கிழங்கு ரோல்ஸுக்குள் போகும். "அவன்ர உடம்பெல்லாம் தண்ணி, மேல தோசைக்குள்ள சுத்தி மறைச்சாத்தான் ஆம்பிளை." இதையெல்லாம் கடையில் மூடைகளுக்கு நடுவே நின்று உரத்துச் சொல்வாள். ஷிப்லி கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சிரிப்பான்.

அந்தக் கடையில் மூடை நிறுக்கிற பெரிய தராசு ஒன்று நிலத்தோடு இருக்கிறது. தன்னை நிறுத்துப் பார்ப்பதும் அதில்தான். உடம்பை அவள் கிலோவில் சொல்வதில்லை. "ஒண்டரை மூடைக்கு மேல ஒரு பெரிய பை" என்று ஷிப்லி முள்ளைப் பார்த்துச் சொல்ல, "அந்தப் பையை இறக்கி வெச்சிட்டு வரட்டாம் டொக்ரர்" என்றாள் இவள்.

பகிடியாகச் சொன்னாலும் சங்கதி பகிடியில்லை. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. நாலு மணித்தியாலம் அடுப்படியில் நின்றால் அடுத்த நாள் கட்டிலிலிருந்து இறங்க பீற்றரின் தோள் வேண்டும். பெரியாஸ்பத்திரி டொக்ரர், சத்திரசிகிச்சை செய்யலாம் என்றார், ஆனால் இந்தப் பாரத்தோடு கத்தி வைக்கமாட்டேன் என்றார். உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் வந்து நிறுத்துக் காட்ட வேண்டும். குறைந்திருந்தால் திகதி. இல்லாவிட்டால் வரிசையின் வாலுக்குப் போக வேண்டும். அந்த வால் எங்கே இருக்கிறது என்று அங்கே நிற்பவர்களுக்கே தெரியாது. யோசெப்பினுக்கோ நிற்கிற தொழில். முழங்கால் போனால் அடுப்பும் போகும்.

பையை இறக்கிவைக்க வழி கொண்டுவந்தவள் கொன்ஸ்ரன்ஸ். பீற்றரின் தம்பி பேர்னாட்டின் பெண்சாதி. வெள்ளவத்தையில் இருக்கிறாள், படிப்பித்து ஓய்வுபெற்றவள். தொரன்ரோவில் உள்ள மகள் சொல்லிக்கொடுத்த சாப்பாட்டு முறை ஒன்றை ஒரு வருஷமாகக் கைக்கொண்டு கொடிபோல ஆகிவிட்டாள். முறை இதுதான்: மண்ணும் மரமும் கடலும் எதை எப்படித் தந்ததோ அதை அப்படியே சாப்பிட வேண்டும். மீன், முட்டை, காய், கீரை, தேங்காய், பழம் எல்லாம் சரி. சோறு இல்லை, பாண் இல்லை, இடியப்பம் இல்லை, பால் இல்லை, சீனி இல்லை. பெட்டியிலும் பைக்கற்றிலும் வந்தது எதுவும் இல்லை. பருப்பும் இல்லை. பருப்பு ஏன் இல்லை என்றதற்கு ஒரு விளக்கம் சொன்னாள், அது எனக்கு மனதில் நிற்கவில்லை.

"மோயீசன் பத்துக் கட்டளையோட மலையால இறங்கி வந்தவர். எங்கட கொன்ஸி வெள்ளவத்தையால ஏறி வாறா" என்றாள் யோசெப்பின். ஆனாலும் கைகட்டிக்கொண்டு கேட்டாள். ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தாள். சோற்றை விடும்போது ஒரு பெருமூச்சு, பால்தேத்தண்ணியை விடும்போது இரண்டு. பிறகு தன் ஆளைப் பற்றிக் கேட்டாள்.

"உருளைக்கிழங்கு?"

"இல்லை அக்கா."

"மண்ணுக்குள்ள இருந்து வந்தபடிதானே கிடக்கு. ஆரும் ஒண்டும் செய்யேல்லையே."

"வயித்துக்குள்ள போனா அது சீனிதான்."

"வற்றாளங்கிழங்கு?"

"அது சாப்பிடலாம்."

"சீனி மாதிரி இனிக்கிறவனுக்கு உள்ள கதிரை. இனிக்காதவன் வெளியில."

"அது வேற குடும்பம் அக்கா. உருளைக்கிழங்கு கத்தரிக்காயின்ர குடும்பம்."

"அப்ப கத்தரிக்காய்?"

கொன்ஸ்ரன்ஸ் கொஞ்சம் யோசித்தாள். "கத்தரிக்காய் சாப்பிடலாம்."

யோசெப்பின் என் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா மாமி. அக்காவைக் கலியாணத்துக்குக் கூப்பிட்டுப்போட்டுத் தம்பியை வாசல்ல மறிக்கிறா."

உறவுக் கணக்கில் அவள் சொன்னது நியாயம்தான். நானும் சிரித்துவிட்டேன். கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த பீற்றர், யோசிக்காமல், "எங்கட தம்பியை ஆர் மறிச்சது. அவன் குசினிப் பக்கத்தால வந்திடுவானே" என்றான்.

அதோடு கொன்ஸ்ரன்ஸின் முகம் மாறிவிட்டது. மறந்துவிட்டுச் சொன்ன பீற்றரும் பேப்பரை உயர்த்தி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டான்.

பேர்னாட்டை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நல்ல பிள்ளை, எந்தப் பெட்டியைத் தூக்கவும் முதல் ஆளாக நிற்பவன், இந்தக் குடும்பத்தில் பாட்டுக் குரல் உள்ளவன் அவன் ஒருவன்தான். அவனுடைய தாய்வழிப் பாட்டனுக்கு அந்தக் குரல் இருந்தது. பாட்டனுக்கு இருந்த சீனி வருத்தமும் கூடவே வந்தது. கொன்ஸ்ரன்ஸ் வீட்டில் சோற்றை அளந்து போட்டாள். அவன் வேலை முடிந்து வெள்ளவத்தைக்குப் போகுமுன் இங்கே பின்கதவால் வருவான். கட்லட்டுக்குப் பிசைந்து வைத்த கிழங்கைக் கைநிறைய அள்ளுவான். "அண்ணி, இது மரக்கறிதானே, சோறில்லையே" என்பான். யோசெப்பினும் அப்படித்தான் நினைத்தாள். எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். முதலில் விரல் போனது, பிறகு பாதம், பிறகு அவனே போய்விட்டான். கிழங்கினால்தான் போனான் என்று எந்த டொக்ரரும் சொல்லவில்லை. கொன்ஸ்ரன்ஸும் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அடக்கம் முடிந்த நாளிலிருந்து அவள் வீட்டுக்கு உருளைக்கிழங்கு வந்ததில்லை.

யோசெப்பின் அதற்குமேல் வாதாடவில்லை. "சரி கொன்ஸி. அவன் வெளியில நிக்கட்டும்" என்றாள்.

தவக்காலத்தின் முதல் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனோம். முழங்காலில் நிற்க அவளால் ஏலாது. வாங்கில் இருந்தபடியே சொன்னாள். சாமியோடு மெதுவாகக் கதைக்கத் தெரியாதவள் அவள். "அந்தோனியாரே, உயிர்த்த ஞாயிறு வரைக்கும் உருளைக்கிழங்கு என்ர வாயில படாது. அவிச்சதும் இல்லை, பொரிச்சதும் இல்லை, கட்லட்டுக்குள்ள கிடக்கிறதும் இல்லை. எனக்கு எவ்வளவு பிடிக்குமெண்டு உமக்குத் தெரியும். அதைத்தான் தாறன். நீர் முழங்காலைத் தாரும்." முன்வாங்கில் இருந்த சிங்களப் பெண்மணி திரும்பி, "மொகத அக்கே?" என்று அன்பாகக் கேட்டாள், என்ன அக்கா என்று. "அல" என்றாள் யோசெப்பின், கிழங்கு என்று. அந்த அம்மா எல்லாம் விளங்கியதுபோலத் தலையை ஆட்டிவிட்டுத் தன் செபத்துக்குத் திரும்பினாள்.

வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கிழங்கைச் சாப்பிடாமல் இருக்கலாம். ருசி பார்க்காமல் எப்படி இருப்பது?

யோசெப்பின் உப்பை அளப்பதில்லை. நாக்குத்தான் அவளுக்கு அளவு. இடது உள்ளங்கையில் பிசைந்த கிழங்கை ஒரு நெல்லிக்காயளவு எடுத்து வைப்பாள். கரண்டியால் பார்த்தால் கரண்டியைத்தான் ருசிக்கலாம் என்பாள். கண்ணை மூடி வாயில் போட்டு, மேலண்ணத்தில் அமத்தி, விழுங்கி, பிறகு கொஞ்சநேரம் சும்மா நிற்பாள். "பின்னுக்கு வாற ருசிதான் உண்மை. முன்னுக்கு வாறது முகஸ்துதி." பிறகு உப்போ தேசிப்புளியோ மிளகோ சேரும். நாற்பது வருஷமாக இந்தக் கொழும்பு தின்ற கட்லட்டெல்லாம் அந்த உள்ளங்கையைக் கடந்து வந்ததுதான்.

முதலில் அந்த வேலையைப் பீற்றருக்குக் கொடுத்தாள். மருதானையில் நேசம் என்று தெரிந்தவள் ஒருத்தி, அவள் புருஷனுக்கு முப்பத்தோராம் நாள். சந்தையில் சூரை மீன் கிடைக்காமல் அன்றைக்கு டின்மீன் போட்டாள். டின்மீனில் ஏற்கெனவே உப்பு இருக்கும், அது அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் கை, பச்சைமீனுக்குப் போடுகிற பழக்கத்தில் அள்ளிப் போட்டுவிட்டது. நாக்கு பார்த்திருந்தால் பிடித்திருக்கும். பீற்றர் பார்த்தான், "நல்லாயிருக்கு" என்றான். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவன் எதற்கும் வேறொன்றும் சொன்னதில்லை என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நேசம் வீட்டில் சனம் ஒரு கட்லட்டுக்கு இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்தது. "பாவம், யோசெப்பின் அழுதழுது பிசைஞ்சிருக்கிறா" என்று யாரோ சொன்னார்கள். நேசம் மட்டும் கைகழுவுகிற இடத்தில் இவளைப் பிடித்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "என்ர மனுசன் பிரஷரில போனவர் யோசெப்பின். இதைப் போட்டா நினைவுகூருறது?"

யோசெப்பின் வீட்டுக்கு வந்து பீற்றரைப் பார்த்தாள். "முப்பத்தைஞ்சு வருஷமா நீங்க என்ர சமையலை நல்லாயிருக்கெண்டு சொன்னதை நான் நம்பியிருந்தனே" என்றாள். அன்றைக்குப் பீற்றர் வெளியில் போய்ச் சாப்பிட்டான்.

எனக்கு அந்த வேலை ஏலாது. பிரஷருக்காக எத்தனையோ வருஷமாக உப்பில்லாமல் தின்று, எதைப் போட்டாலும் கடல் போலத் தெரிகிற நாக்கு இது.

அடுத்த பெரிய வேலை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. மேல்மாடியில் இருக்கிற நஸீறாவின் புருஷன் ஷரீப்புக்குக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் வேலை. அந்த வருஷம் நோன்பும் தவக்காலமும் ஒன்றாய் வந்திருந்தன. ஒபிஸில் எல்லாரும் சேர்ந்து நோன்பு திறக்கிறார்கள், மீன்கட்லட்டும் ரோல்ஸும் யோசெப்பின் அக்காவிடம்தான் என்று ஷரீப் சொல்லிவிட்டான். ஐந்து மணிக்கு ஓட்டோ வரும். நேசம் வீட்டுக் கதை அதற்குள் ஒழுங்கை முழுக்கப் பரவியிருந்தது. இதுவும் பிழைத்தால் கட்லட் யோசெப்பின் என்ற பேரில் கட்லட்டை எடுத்துவிட வேண்டியதுதான்.

பங்குனி வெயில். குசினியில் இரண்டு பெரிய சட்டிகளில் பிசைந்த கிழங்கும் மீனும். யோசெப்பின் இடது உள்ளங்கையில் நெல்லிக்காயளவு எடுத்து வைத்துவிட்டாள், பழக்கத்தில். அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உடம்பு குறைந்து பீற்றரின் சட்டை அவள் தோளில் தொளதொளத்துக் கிடந்தது. ஷிப்லியின் தராசில் பை சின்னதாகிக்கொண்டு வந்தது. அந்தோனியாரும் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் இருந்ததைத் திரும்பச் சட்டியில் போட்டாள்.

மேலேயிருந்து உதவிக்கு வந்த நஸீறா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். விடியுமுன் சாப்பிட்டது, அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"தாங்க அக்கா, நான் பாக்கிறன்" என்றாள்.

"உனக்கு நோன்பெல்லோ."

"நாக்கு நுனீல வெச்சுப் பாத்துட்டுத் துப்பினா நோம்புக்கு ஒண்டுமில்ல. சமைக்கிற ஆளுக்கு அது ஏலும். எங்கட உம்மா கஞ்சிக்கு அப்பிடித்தான் உப்புப் பாத்த."

யோசெப்பின் என்னைப் பார்த்தாள். "மாமி, இவையின்ர சட்டத்தில சமைக்கிறவளையும் யோசிச்சிருக்கினம்." பிறகு ஒரு எண்ணம் வந்து, கையைத் துடைத்து, போனை எடுத்துக் கொன்ஸ்ரன்ஸை அழைத்தாள். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கொன்ஸ்ரன்ஸ் இங்கே சிலுவைப்பாதைக்கு வருவாள், பேர்னாட் அடக்கமான கோயில் என்று. அப்போது பஸ்ஸில் இருந்தாள், புறக்கோட்டை தாண்டிவிட்டாள். சத்தத்துக்குமேல் சத்தம் வைத்து இவள் கேட்டாள்.

"கொன்ஸி, நாக்கில வெச்சுப் பாத்திட்டுத் துப்பினா?"

"என்னத்தை?"

"உருளைக்கிழங்கைத்தான்."

"துப்புவீங்களா அக்கா? நீங்களா?"

யோசெப்பின் போனைப் பார்த்தாள். "சும்மா கேட்டனான்" என்று வைத்துவிட்டாள். எங்களிடம் சொன்னாள். "அவ சொல்றது உண்மைதான். இந்த வாய்க்குள்ள போனது வெளியில வந்ததா சரித்திரமில்லை."

நஸீறா சிரித்து, சிரிப்பால் உதடு வெடித்து, கையால் பொத்திக்கொண்டாள். பிறகு ஒரு துளி எடுத்து நாக்கு நுனியில் வைத்தாள். குழாயடிக்குப் போய்த் துப்பி, தண்ணீர் உள்ளே போகாதபடி கவனமாக வாயைக் கொப்பளித்தாள். "உப்புக் காணா." உப்புப் போட்டாள் யோசெப்பின். மறுபடி ஒரு துளி, மறுபடி குழாயடி. "தேசிப்புளி கொஞ்சம்." அதுவும் சேர்ந்தது. மூன்றாம் முறைக்கு எழும்பும்போது நஸீறா சுவரில் கை ஊன்றினாள்.

"போதும் பிள்ளை. போய்ப் படு" என்றாள் யோசெப்பின்.

"ரோல்ஸ் சட்டிய இன்னும் பாக்கல்லயே அக்கா. இவர்ட ஒபிஸ் ஆக்கள் வாயால ஒண்டும் செல்லமாட்டாங்க. அடுத்த வருஷம் வேற இடத்துல எடுப்பாங்க, அவ்வளவுதான்."

அவள் சொன்னது சரி என்று யோசெப்பினுக்குத் தெரியும். அதனால் சட்டியை இழுத்து மறைக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. நஸீறா குனிந்து கரண்டி நுனியில் எடுத்த நேரம் கொன்ஸ்ரன்ஸ் குடையோடு உள்ளே வந்தாள்.

"இது என்ன?"

நான்தான் நடந்ததைச் சொன்னேன். கொன்ஸ்ரன்ஸ் நஸீறாவின் வெடித்த உதட்டைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள்.

"இதுக்கு ஏலும் ரீச்சர்" என்றாள் நஸீறா, பிழை பிடிபட்ட பிள்ளை மாதிரி.

"உங்களுக்கு ஏலும் மகள். பாத்துக்கொண்டு நிக்க எனக்கு ஏலாது."

குடையைச் சுவரோடு சாய்த்தாள். கைப்பையை என் மடியில் வைத்தாள். சவர்க்காரம் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கைகழுவினாள். பிறகு நஸீறாவின் கையிலிருந்த கரண்டியை வாங்கி, அதில் இருந்ததை வாயில் போட்டு விழுங்கினாள்.

யோசெப்பின் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும்தான்.

"உப்புச் சரி" என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "மிளகு காணாது." யோசெப்பின் மிளகு தூவிப் பிசைந்தாள். கொன்ஸ்ரன்ஸ் இன்னொரு கரண்டி எடுத்தாள். பிறகு மற்றச் சட்டியில் ஒன்று. பிறகு ஒன்று.

கூடத்திலிருந்து பீற்றர் எட்டிப் பார்த்தான். "கொன்ஸி, அது நாலாவது கரண்டி."

"ரோல்ஸுக்கு வேற, கட்லட்டுக்கு வேற அத்தான். உங்களை மாதிரி எல்லாத்துக்கும் ஒண்டே சொல்ல எனக்குத் தெரியாது."

பீற்றர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு கைகள் எல்லாம் வேகமாக ஓடின. யோசெப்பின் உருட்டினாள், நான் முட்டையில் தோய்த்தேன், கொன்ஸ்ரன்ஸ் றஸ்குத் தூளில் புரட்டினாள். நஸீறாவைக் கதிரையில் இருத்தி ஈரத் துணி ஒன்றைக் கழுத்தில் போட்டோம். எண்ணெய் பொங்கி அடங்கி, பொங்கி அடங்கி, பெட்டிகள் நிறைந்தன. ஓட்டோக்காரன் வந்து ஏற்றிக்கொண்டு போனான். நஸீறா தங்கள் வீட்டு நோன்பு திறப்புக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

குசினியில் கொஞ்சம் பிசைந்த கிழங்கும், உரிக்காமல் அடுப்போரத்துச் சூட்டில் மிஞ்சிய இரண்டு மூன்று அவித்த கிழங்கும் கிடந்தன. பீற்றருக்கென்று இராத்திரிக்கு நாலு கட்லட் போட யோசெப்பின் அதை ஒதுக்கி வைத்திருந்தாள். கொன்ஸ்ரன்ஸ் வாங்கில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அவருக்கு இது இவ்வளவு பிடிச்சும் மாமி," என்றாள், என்னைப் பார்க்காமல், "நான் ஒருநாள் கூட அவரோட இருந்து இதைச் சாப்பிடேல்லை. பறிக்கத்தான் வந்தனான்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். யோசெப்பின் அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

"அக்கா."

"ம்."

"உருளைக்கிழங்கு சாப்பிடலாம். பொரிக்காமல், அவிச்சு, அளவா. இப்ப அங்க, தொரன்ரோவில, எல்லாரும் இந்த முறைக்குள்ள அதைச் சேத்துக்கொண்டினமாம். மகள் போன மாசமே சொன்னவள். நான்தான் உங்களிட்டச் சொல்லேல்லை." அவித்த கிழங்கு ஒன்றை எடுத்தாள். சின்னது, வெலிமடைக் கிழங்கு. நகத்தால் தோலைக் கிள்ளி, ஒரே இழுப்பாக உரித்து, வெறுங்கையில் வைத்து நீட்டினாள். "காலையில இருந்து நிக்கிறீங்க. இதைச் சாப்பிடுங்க. ஒண்டும் செய்யாது."

யோசெப்பின் திரும்பிப் பார்த்தாள். கிழங்கையும் பார்த்தாள், நீட்டிய கையையும் பார்த்தாள். கையைத் துறைமுகச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து அதை வாங்கினாள்.

"நீ சொன்னாச் சரிதான் கொன்ஸி," என்றாள். "ஆனா இவன்ர பேரைச் சொல்லி நான் அந்தோனியாருக்குக் குடுத்திட்டன்."

கிழங்கை இரண்டாகப் பிட்டாள். உள்ளே இன்னும் சூடு இருந்தது. உதிர்ந்து வெளுத்த அந்தப் பக்கத்தை மூக்கோடு பிடித்து, கண்ணை மூடி, நெஞ்சு உயர ஒரு முறை இழுத்தாள். பிறகு இரண்டு பாதியையும் பீற்றருக்கு வைத்திருந்த சட்டிக்குள் போட்டு, உள்ளங்கையால் அமத்திப் பிசையத் தொடங்கினாள்.